இதயத்தின் மின் அச்சு: ஈசிஜி தாளில் கட்டம் எண்ணிக் கண்டுபிடிப்பது

மும்பையில் சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதியில் ஈசிஜி எடுத்தாலும், தாளின் மேல்மூலையில் சில எண்கள் அச்சாகி வரும். துடிப்பு எத்தனை, பிஆர் இடைவெளி எவ்வளவு, கியூஆர்எஸ் அகலம் எவ்வளவு என்பவற்றோடு ‘பி-ஆர்-டி ஆக்சிஸ்’ என்று மூன்று எண்களும் இருக்கும். ‘52, −38, 47’ என்பதுபோல. பி என்பது மேலறைகளின் அலை, ஆர் என்பது கீழறைகளின் கியூஆர்எஸ் அலை, டி என்பது கீழறைகள் மறுபடி ஓய்வுக்குத் திரும்பும்போது வரும் அலை. நடுவில் இருக்கும் அந்த −38 பற்றித்தான் இந்தக் கட்டுரை. பக்கத்தில் ‘லெஃப்ட் ஆக்சிஸ் டீவியேஷன்’ என்று மெஷின் ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், தாள் வீட்டுக்கு வரும் முன்பே கவலை வந்துவிடும். திருநெல்வேலியில் இருக்கும் டாக்டர் மாமாவுக்கு வாட்ஸாப்பில் படம் போகும். ‘இதயம் இடது பக்கம் திரும்பிடுச்சாம்’ என்று பேச்சு பரவும்.

இதயம் எங்கும் திரும்பவில்லை. கீழறைகளில் மின்சாரம் பரவும் மொத்தத் திசையைத்தான் அந்த எண் சொல்கிறது. தாளில் இருக்கும் சிறு கட்டங்களை எண்ணியே அதை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஆனால் நர்சிங், டெக்னீஷியன் படிப்புகளிலும் எம்.பி.பி.எஸ். வகுப்பிலும் பலர் இரண்டு லீடுகளை (இதயத்தின் மின்சாரத்தை வெவ்வேறு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவுகள்) பார்த்து இரண்டு கட்டைவிரல்களை உயர்த்திக் காட்டும் குறுக்குவழியோடு நின்றுவிடுகிறார்கள். அது எங்கே தவறும் என்று தெரியாததால் சாதாரணத் தாளுக்கு நோய்ப் பெயர் விழுகிறது. வயர் மாறிய தாளுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எழுதப்படுகிறது.

திசை எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு துடிப்பிலும் மின் தூண்டல் முதலில் இரு கீழறைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் இடமிருந்து வலமாகப் பாய்கிறது. அடுத்து இதயத்தின் நுனி, பிறகு வெளிச்சுவர்கள், கடைசியில் கீழறைகளின் மேல்பகுதி. மொத்தமும் 0.1 வினாடிக்குள் முடிந்துவிடும். ஆளுக்கொரு கோணத்தில் வடம் பிடித்தாலும் தேர் ஒரே திசையில் நகர்வதுபோல, இந்த எல்லா இழுப்புகளுக்கும் கூட்டுத் திசை ஒன்று உண்டு. இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன் என்பதால், அந்தத் திசை வழக்கமாக இடப்பக்கமும் கீழ்ப்பக்கமுமாகச் சாய்ந்திருக்கும். இதைத்தான் மின் அச்சு என்கிறோம். மருத்துவமனைகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஆக்சிஸ்’தான்.

கோணத்தை எண்ணும் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளி நமக்கு எதிரே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடது கைப் பக்கம் 0°. அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் போனால், பாதத்தின் பக்கம் +90°, வலது கைப் பக்கம் 180°. எதிர்த் திசையில் போனால் தலைப் பக்கம் −90°. பள்ளிக்கூடக் கணிதத்தில் எதிர்க்கடிகாரத் திசைதான் நேர் எண். இங்கே அது தலைகீழ். புதிதாகக் கற்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

பெரியவர்களுக்கு −30° முதல் +90° வரை இயல்பு. −30°க்கு மேலே போய் −90° வரை இடது விலகல். +90°ஐத் தாண்டி 180° வரை வலது விலகல். எஞ்சிய கால்பகுதி, அதாவது −90°க்கும் 180°க்கும் இடைப்பட்டது, தீவிர விலகல். இடது விலகலிலும் −30° முதல் −45° வரை மிதமானது, அதைத் தாண்டினால் கடுமையானது என்று 2009இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட பரிந்துரை பிரிக்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த −38° மிதமான வகை.

ஆறு லீடுகளும் அவற்றின் செங்குத்து ஜோடிகளும்

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இரண்டு கைகளையும் இடது காலையும் மூன்று முனைகளாகக் கொண்டு ஒரு சமபக்க முக்கோணத்தை 1913இல் விளக்கினார். அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முக்கோணத்தின் மூன்று பக்கங்கள்தான் லீட் 1, 2, 3. பிறகு 1942இல் அமெரிக்க மருத்துவர் கோல்ட்பெர்கர், கை கால்களில் பொருத்தும் அதே எலக்ட்ரோடுகளைக் கொண்டு ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்ற மூன்றையும் சேர்த்தார். அச்சைக் கணக்கிட இந்த ஆறு மட்டுமே தேவை. நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி6 வரையிலான லீடுகள் வேறு தளத்தில் பார்ப்பவை; அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

லீட் 1 பார்ப்பது 0° திசையை. லீட் 2 +60°, ஏவிஎஃப் +90°, லீட் 3 +120°, ஏவிஎல் −30°, ஏவிஆர் −150°. மின்சாரம் ஒரு லீடை நோக்கி வந்தால் அதில் அலை மேலே எழும். விலகிப் போனால் கீழே இறங்கும். குறுக்காகக் கடந்து போனால் மேலும் கீழும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். இந்த மூன்றாவது விதிதான் அச்சைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரிய உதவி. அதற்காகச் செங்குத்து ஜோடிகளை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது: லீட் 1க்கு ஏவிஎஃப், லீட் 2க்கு ஏவிஎல், லீட் 3க்கு ஏவிஆர்.

கட்டத்தை எண்ணுவது

தாள் வினாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சிறு கட்டத்தின் அகலம் 1 மி.மீ., அதாவது 0.04 வினாடி. உயரத்தில் அதே 1 மி.மீ. 0.1 மில்லிவோல்ட். தாளின் ஓரத்தில் செவ்வக வடிவில் ஒரு அளவுக்குறி இருக்கும். அது 10 கட்டம் உயரம் இருந்தால் ஒரு மில்லிவோல்ட் சரியாக 10 மி.மீ. ஆக வருகிறது என்று பொருள். ஐந்து கட்டம் மட்டும் இருந்தால் மெஷின் பாதி அளவில் எழுதியிருக்கிறது. ஆறு லீடுகளும் ஒரே அளவில் இருக்கும்வரை அச்சு மாறாது, ஏனென்றால் நாம் பார்ப்பது விகிதத்தை. ஆனால் அலைகளின் உயரத்தை வைத்துச் சொல்லும் மற்ற எல்லா முடிவுகளும் மாறிவிடும்.

ஒரு லீடில் நிகர உயரத்தை எடுக்கும் முறை இது. கியூஆர்எஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பிஆர் பகுதியின் முடிவில் இருக்கும் தட்டையான கோட்டை அடிக்கோடாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மேலே எழும் ஆர் அலையின் உச்சி வரை கட்டங்களை எண்ணுங்கள். ஆருக்கு முன்னால் வரும் கியூ, பின்னால் வரும் எஸ் இரண்டும் அடிக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகின்றன என்று எண்ணிக் கூட்டி, ஆரிலிருந்து கழியுங்கள். கோட்டின் தடிமனும் குழப்பும். மேலே போகும் அலைக்கு அடிக்கோட்டின் மேல் விளிம்பிலிருந்தும், கீழே போகும் அலைக்கு அதன் கீழ் விளிம்பிலிருந்தும் அளந்தால் அரைக் கட்டப் பிழை தவிரும். மூச்சோடு அலையின் உயரம் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று துடிப்புகளை அளந்து சராசரி எடுங்கள். முன்கூட்டியே வரும் துடிப்பு ஒன்று நடுவில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஒரு தாளில் லீட் 1இல் கியூ 1 கட்டம், ஆர் 8 கட்டம், எஸ் 1 கட்டம் என்றால் நிகரம் +6. லீட் 3இல் ஆர் 5, எஸ் 3 என்றால் +2. இந்த இரண்டு எண்களே போதும், மற்ற நான்கும் இவற்றிலிருந்து வந்துவிடும். லீட் 1ஐயும் 3ஐயும் கூட்டினால் லீட் 2, அதாவது +8. லீட் 2, 3 இரண்டின் சராசரி ஏவிஎஃப், +5. லீட் 1இலிருந்து 3ஐக் கழித்துப் பாதியாக்கினால் ஏவிஎல், +2. லீட் 1, 2 இரண்டின் சராசரியை எதிர்க்குறியாக்கினால் ஏவிஆர், −7. ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் மூன்றையும் கூட்டினால் பூஜ்ஜியம் வரவேண்டும், வருகிறது. தாளில் நேரடியாக அளந்தால் ஒன்றிரண்டு கட்டம் முன்பின் இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு லீடிலும் உச்சி ஒரே நொடியில் விழுவதில்லை. நான்கைந்து கட்டம் தள்ளிப் போனால் அளந்ததில் தவறு, அல்லது ஆறு லீடுகளும் ஒரே துடிப்பிலிருந்து வரவில்லை.

சிறிய லீடைத் தேடுவது

இப்போது அந்த ஆறு எண்களில் பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் இருப்பது எது என்று பாருங்கள். நம் தாளில் ஏவிஎல் +2. அதன் செங்குத்து ஜோடி லீட் 2. லீட் 2 நன்றாக மேலே எழுந்திருக்கிறது, ஆகவே அச்சு +60°க்கு அருகில். ஏவிஎல் முழுப் பூஜ்ஜியம் இல்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது. அப்படியானால் அச்சு ஏவிஎல்லின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். +60°க்குக் கொஞ்சம் குறைவு. லீட் 3உம் +2தான். அதன் ஜோடி ஏவிஆர், அது ஆழமாகக் கீழே இறங்குகிறது, ஆகவே அச்சு ஏவிஆருக்கு நேர் எதிர்ப்பக்கம், +30° அருகே. லீட் 3 கொஞ்சம் மேலே இருப்பதால் +30°க்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமிருந்தும் நெருங்கினால் +45° என்று வந்து நிற்கிறது.

துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏவிஎஃப்பை 1.15ஆல் பெருக்கி, லீட் 1ஆல் வகுத்து, அதன் டேன் தலைகீழ் மதிப்பை (கால்குலேட்டரில் tan⁻¹) எடுங்கள். 5 × 1.15 ÷ 6 = 0.96, கோணம் 44°. லீட் 1 குறைக்குறியாக இருந்தால் வரும் கோணத்தோடு 180°ஐக் கூட்டியோ கழித்தோ சரியான கால்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். 1.15 எதற்கு என்றால், ஏவிஎஃப் போன்ற மூன்று லீடுகளும் லீட் 1, 2, 3ஐவிடச் சிறிய அளவில் எழுதுகின்றன. அதை ஈடுகட்டாமல் நேரடியாக வகுத்தால் 40° வரும். இங்கே நாலு டிகிரி வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் −28°ஆ −32°ஆ என்ற எல்லைக்கோட்டில் அதுவே இயல்பு, விலகல் என்று இரண்டாகப் பிரித்துவிடும்.

இடது விலகல் உள்ள இன்னொரு தாளைப் பாருங்கள். லீட் 1 +6, லீட் 3 −12. மற்றவை தானாக வரும்: லீட் 2 −6, ஏவிஎஃப் −9, ஏவிஎல் +9, ஏவிஆர் 0. ஏவிஆர் சமமாக இருக்கிறது. அதன் ஜோடி லீட் 3, அது ஆழமாகக் கீழே. ஆகவே அச்சு லீட் 3க்கு நேர் எதிர்த் திசையில், +120°க்கு எதிரான −60°. சூத்திரத்தில் போட்டாலும் அதே −60°.

இனி அந்தக் கட்டைவிரல் குறுக்குவழி. லீட் 1, ஏவிஎஃப் இரண்டும் மேலே இருந்தால் 0° முதல் +90°, இயல்பு. லீட் 1 மேலே, ஏவிஎஃப் கீழே இருந்தால் இடது விலகல் என்று சொல்லித்தருகிறார்கள். உண்மையில் அந்த நிலையில் அச்சு 0° முதல் −90° வரை எங்கும் இருக்கலாம். அதில் 0° முதல் −30° வரை முழுக்க இயல்பு. நாற்பதைத் தாண்டிய, உடல் பருத்த, வயிறு தள்ளிய எத்தனையோ பேருக்கு அச்சு −10°, −20°இல்தான் இருக்கும். அவர்களுக்கெல்லாம் விலகல் முத்திரை விழுவது இதனால்தான். ஏவிஎஃப்புக்குப் பதில் லீட் 2ஐப் பாருங்கள். லீட் 1 மேலே என்றால் −90° முதல் +90° வரை. லீட் 2 மேலே என்றால் −30° முதல் +150° வரை. இரண்டும் சேரும் இடம் −30° முதல் +90°, இயல்பின் எல்லை அப்படியே வந்துவிடுகிறது. கூட்டம் நெரியும் ஓபிடியில் ஒரே பார்வையில் முடிவெடுக்க வேண்டுமென்றால் இந்த ஜோடியைத்தான் பரிந்துரைக்கிறோம்.

வயர் மாறினால்

அச்சு வழக்கத்துக்கு மாறாக இருந்தால், நோயைத் தேடும் முன் எலக்ட்ரோடுகளைத் தேட வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் புழங்கும் ஐரோப்பிய நிறமுறைப்படி வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறையில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. கறுப்பு ஒரு முறையில் காலுக்கும் மற்றொன்றில் கைக்கும் போவதைப் பாருங்கள், சிவப்பும் அப்படித்தான். இரண்டு வகை கேபிள்களும் இருக்கும் இடத்தில் நிறத்தை நம்பாமல், கேபிள் முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துத்தான் கிளாம்ப் போட வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு இரண்டு கைகளும் மாறுவது. மும்பையில் பல சிறிய கிளினிக்குகளில் படுக்கை சுவரை ஒட்டிக் கிடக்கும். ஒரு பக்கம் மட்டுமே நின்று, நோயாளியின் மேல் குனிந்து எட்டிக் கிளாம்ப் மாட்டும்போது கேபிள் முறுக்கிக்கொள்ளும், கைகள் மாறும். அப்போது லீட் 1 முழுக்கத் தலைகீழாகும். லீட் 2உம் 3உம் இடம் மாறும். ஏவிஆரும் ஏவிஎல்லும் இடம் மாறும். ஏவிஎஃப் மட்டும் அப்படியே இருக்கும். அச்சு வலப்பக்கம் பாய்ந்துவிடும், மெஷினும் ‘ரைட் ஆக்சிஸ்’ என்று எழுதும். பிடிபடும் அடையாளம் பி அலைதான். லீட் 1இல் பி, கியூஆர்எஸ், டி மூன்றும் கவிழ்ந்து, ஏவிஆரில் மேலே எழுந்திருந்தால் முதலில் கைகளைச் சந்தேகியுங்கள். இதயமே வலப்பக்கம் அமைந்தவருக்கும் லீட் 1 இப்படித்தான் இருக்கும். ஆனால் அவருக்கு வி1இலிருந்து வி6க்குப் போகப் போக அலை சிறுத்துக்கொண்டே போகும். கைகள் மட்டும் மாறியவருக்கு நெஞ்சு லீடுகள் வழக்கம்போல வளரும்.

வலது கையும் வலது காலும் மாறினால் லீட் 2 ஏறக்குறைய நேர்கோடாகிவிடும், ஏனென்றால் அப்போது அது இரண்டு கால்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. இடது கையும் வலது காலும் மாறினால் லீட் 3 தட்டையாகும். இவை கண்ணில் படும். இடது கையும் இடது காலும் மாறுவதுதான் ஆபத்து: லீட் 1உம் 2உம் இடம் மாறும், லீட் 3 கவிழும், தாள் முழுக்க இயல்பாகவே தோன்றும். லீட் 1இன் பி அலை லீட் 2இன் பி அலையைவிட உயரமாக இருந்தால் ஒரு முறை வயரைப் பாருங்கள். பழைய தாள் இருந்தால் இன்னும் எளிது.

மூச்சும் அச்சை நகர்த்தும். ஆழமாக மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழிறங்கி இதயம் செங்குத்தாகும், அச்சு வலப்பக்கம் போகும். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு வரும் வயதான தமிழ்ப் பெண்களில் பலருக்கு இந்தி அவ்வளவு வராது. ‘சாஸ் ரோக்கோ’ (மூச்சை நிறுத்துங்கள்) என்றதும் நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ‘ஆச்சி, சும்மா சாதாரணமா மூச்சு விடுங்க, கையைத் தளர்த்திப் போடுங்க’ என்று தமிழில் ஒரு வரி சொன்னால் போதும். தாள் சுத்தமாகவும் வரும், அச்சும் நகராது. நிறைமாதக் கர்ப்பம், வயிற்றில் நீர், உடல் பருமன் ஆகியவை உதரவிதானத்தை மேலே தள்ளி அச்சை இடப்பக்கம் திருப்பும்.

டிரெட்மில் சோதனையில் கை கால் எலக்ட்ரோடுகளைத் தோளிலும் இடுப்புக்கு மேலும் ஒட்டுகிறார்கள். 1966இல் மேசன், லைக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன இடங்கள் அவை. ஓடும்போது வயர் ஆடாமல் இருக்க அது தேவை. ஆனால் அப்படி எடுத்த தாளில் அச்சு வலப்பக்கம் நகரும், கீழ்ச்சுவரில் பழைய மாரடைப்பின் கியூ அலைகள்கூட மறையலாம். டிரெட்மில் மேடையில் நிற்கவைத்து எடுத்த தாளையும் படுக்கவைத்து எடுத்த தாளையும் ஒப்பிட்டு ‘அச்சு மாறிவிட்டது’ என்று சொல்லக் கூடாது. எலக்ட்ரோடு எங்கே ஒட்டினோம் என்பதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். கால் அகற்றப்பட்டவருக்கு எஞ்சிய பகுதியில் ஒட்டி, மறு காலிலும் அதே உயரத்தில் ஒட்டுவது முறை.

அச்சு விலகலுக்குப் பின்னால் என்ன

வயரும் மூச்சும் சரி, கணக்கும் சரி, அச்சு உண்மையிலேயே −60° என்று வைத்துக்கொள்வோம். இடது விலகலுக்கு அடிக்கடி கிடைக்கும் காரணம், இடது கீழறைக்கு மின்சாரம் கொண்டுபோகும் இடது மின்பாதையின் முன் கிளையில் அடைப்பு. 1960களின் பிற்பகுதியில் புவெனஸ் ஐரஸ் நகரில் ரோசன்பாம் குழுவினர் விரிவாக விளக்கியது இது. அந்தக் கிளை மெல்லியது, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயை நம்பி இருப்பது; எளிதில் பழுதாகும். அடைப்பு என்றதும் ரத்தக்குழாய் அடைப்பு என்று பலர் பதறுகிறார்கள். இது மின்சாரம் போகும் பாதையில் உள்ள தடை, அவ்வளவுதான். வேறு எந்தக் கோளாறும் இல்லாத முதியவர்களிடமும் காணப்படும். −45° முதல் −90° வரை அச்சு, ஏவிஎல்லில் சிறு கியூவோடு உயர்ந்த ஆர், அந்த ஆர் உச்சியை அடைய 0.045 வினாடி அல்லது அதற்கு மேல், கியூஆர்எஸ் மொத்த அகலம் 0.12 வினாடிக்குள் என்பவை இதன் நிபந்தனைகள். நம் −38° இந்த வரையறைக்குள் வராது.

கீழ்ச்சுவர் மாரடைப்பும் லீட் 2, 3, ஏவிஎஃப்பில் அலையைக் கீழே தள்ளி இதே அச்சைக் காட்டும். இரண்டையும் பிரிப்பது அலையின் தொடக்கம். கிளை அடைப்பில் அந்த மூன்று லீடுகளிலும் முதலில் ஒரு சின்ன ஆர் எழுந்து பிறகு ஆழமான எஸ் வரும். மாரடைப்புத் தழும்பில் எடுத்த எடுப்பிலேயே கியூவாக இறங்கும். ஒன்றரைக் கட்டம் உயரமுள்ள அந்தச் சிறு ஆர் இருக்கிறதா இல்லையா என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தகும். மெஷின் இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறது.

ரத்த அழுத்தத்தால் இடது கீழறை தடித்தவர்களில் பலருக்கு அச்சு இயல்பாகவே இருக்கும். அச்சு இயல்பு என்பதால் தடிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேஸ்மேக்கர் வலது கீழறை நுனியிலிருந்து தூண்டினால் அச்சு மேல்நோக்கிப் போவது எதிர்பார்ப்பதே.

வலது விலகல் வேறு கதை. பழைய காசநோயில் நுரையீரல் சிதைந்தவர்கள், பல ஆண்டு பீடி புகைத்து நுரையீரல் உப்பியவர்கள் ஆகியோருக்கு வலது கீழறை அதிக அழுத்தத்தில் வேலை செய்து தடிக்கும், அச்சு +90°ஐத் தாண்டும். வி1இல் ஆர் அலை எஸ்ஸைவிட உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். நுரையீரல் உப்பியவர்களில் லீட் 1இன் எல்லா அலைகளும் சிறுத்துக் கிடப்பதும் உண்டு. இளம் பெண் ஒருவர் மூச்சிரைப்போடு வந்து, அச்சு வலப்பக்கமும், லீட் 2இல் பி அலை அகன்று இரட்டை உச்சியோடும் இருந்தால், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா என்று எக்கோவில் பார்க்க வேண்டும். கர்ப்பகாலத்தில்தான் பலருக்கு இது முதன்முதலாக வெளிப்படுகிறது. திடீர் மூச்சுத்திணறலோடு அச்சு புதிதாக வலப்பக்கம் நகர்ந்திருந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி சிக்கியிருக்கலாம். அச்சு நகரவில்லை என்பதால் அதை விலக்கிவிடவும் முடியாது. இடது மின்பாதையின் பின் கிளை அடைப்பும் வலது விலகல் தரும். ஆனால் அது தடித்த கிளை, இரண்டு ரத்தக்குழாய்களின் பாசனம் உள்ளது. தனியாகப் பழுதாவது அபூர்வம். மற்ற காரணங்களை எல்லாம் விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான இளைஞருக்கு +95° இருப்பது ஒரு நோயும் இல்லை.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் எல்லையை வைத்து அளந்துவிடக் கூடாது. கருவில் வலது கீழறைதான் அதிகம் உழைக்கிறது, ஆகவே பிறந்த குழந்தைக்கு அச்சு வலப்பக்கம் வெகுதூரம் சாய்ந்திருப்பது இயல்பு. மாதங்கள் போகப் போக அது இடப்பக்கம் நகரும். இதற்கு மாறாக ஒரு கைக்குழந்தைக்கு அச்சு இடப்பக்கம் மேல்நோக்கி இருந்தால், அதிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையென்றால், மேலறை கீழறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது.

தீவிர விலகல் தாளில் வந்தால் முதலில் வயரைப் பாருங்கள். வயர் சரி, கியூஆர்எஸ் அகலமாகவும் துடிப்பு மிக வேகமாகவும் இருக்கிறது என்றால் கீழறையிலிருந்தே கிளம்பும் ஆபத்தான வேகத்துடிப்பாக இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவரென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருக்கலாம். இரண்டுமே காத்திருக்க முடியாதவை.

மெஷினின் எண்ணும் பழைய தாளும்

மெஷின் தரும் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது உயரத்துக்குப் பதில் அலையின் பரப்பை வைத்துக் கணக்கிட்டிருந்தால் உங்கள் கையளவைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி மாறலாம். வலது மின்பாதை முழுதும் அடைபட்டவரிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அவருக்கு அலையின் பின்பாதி தாமதமாகச் செயல்படும் வலது கீழறையால் வருவது. அதனால் முதல் 0.06 முதல் 0.08 வினாடி வரை மட்டும், அதாவது ஒன்றரை முதல் இரண்டு சிறு கட்ட அகலம் மட்டும் அளந்து அச்சைச் சொல்வது வழக்கம். ஆறு லீடுகளிலும் மேலும் கீழும் சமமாக இருந்தால் அச்சு தீர்மானிக்க முடியாதது. அப்போதும் மெஷின் ஏதாவது ஒரு எண்ணை அச்சிட்டிருக்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அந்த −38°க்கு வருவோம். அறுபது வயதுக்காரர், நெஞ்சுவலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, லீட் 2, 3, ஏவிஎஃப்பில் ஆர் அலையோடுதான் தொடக்கம். இந்த எண்ணை மட்டும் வைத்து அவருக்கு மருந்து எதுவும் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மருத்துவர் ஒருமுறை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும், பழைய ஈசிஜியோடு ஒப்பிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்பும் −35° இருந்தது என்றால் ஒரு முடிவு; போன மாதம் +40° இருந்தது என்றால் முற்றிலும் வேறு முடிவு.

அந்தப் பழைய தாள்தான் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஈசிஜி தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. வெயிலும் வெக்கையும் பட்டால், பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்தால், சில வருடங்களில் வெளுத்துவிடும். எடுத்த அன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வெளிச்சத்தில் நேராக வைத்து, கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பெயர், தேதி, படுத்தா நின்றா, எலக்ட்ரோடு கை காலிலா உடம்பிலா என்பதும் அதில் இருக்கட்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் தாள் முழுதும் கறுத்துவிடும்.